தலை குனியாத பூக்கள்

வெட்டித் தண்ணீரில் வைத்த பூவை நான் இன்றுவரை முழுதாக நம்புவதில்லை. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் முகப்பில் திங்கட்கிழமைதோறும் கண்ணாடி ஜாடியில் புதுப் பூக்கள் வைப்பார்கள். காலையில் நுழையும்போது ஒரு தரமும் சாயங்காலம் கிளம்பும்போது ஒரு தரமும் அவற்றை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன். எனக்குப் பூ என்றால் உயிர் என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ்காரர் பழைய கேடியைப் பார்க்கிற பார்வை அது என்று அவர்களிடம் நான் சொன்னதில்லை.

இந்தப் புத்தி எனக்கு வந்தது எங்கள் எஸ்டேட் மாதா கோயிலில். இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் அது. திருநெல்வேலிப் பக்கமிருந்து எந்தக் காலத்திலோ கொழுந்து பறிக்க மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தொழிலாளர் வீடுகளின் வரிசையை லயம் என்போம். எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே லயத்தில், நடுவில் சில வீடுகள் தள்ளி இருந்தன. இந்த வீட்டில் மீன் பொரித்தால் அந்த வீட்டில் வாசம் வரும். அந்த வீட்டுச் சண்டை இந்த வீட்டில் வசனம் பிசகாமல் கேட்கும்.

பெரியப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அது வயிற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் அவர் எங்கள் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, பூட்டுவது, மணி அடிப்பது, விளக்கேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது. ஆனால் சாண் நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கியது. சாவு என்றாலும் கல்யாணம் என்றாலும் ஊர் அந்த வாசலுக்குத்தான் வந்து நிற்க வேண்டும். யாருக்கும் அதிர்ந்து பேசாத மனுஷன், அந்தச் சாவியைக் கையில் எடுத்ததும் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடுவார். அதை மட்டும் அவரிடமிருந்து வாங்கிவிட்டால் அண்ணன் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று அப்பா சொல்வதுண்டு.

கோயிலுக்குப் பூ வைக்கும் வேலை பெரியம்மாவுடையது. அவள் ரொம்ப வருஷம் மானேஜர் பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தவள். சனிக்கிழமைதோறும் கோயிலுக்கென்று ஒரு கட்டுப் பூ வெட்டிக்கொள்ள பங்களாவில் அனுமதி உண்டு. பெரும்பாலும் கிளாடியோலஸ். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாமல் 'கிளாடி' என்று பாதியில் நின்றுவிட்டது. ஆள் கை நீளத் தண்டு, அதில் கீழிருந்து நுனிவரை வரிசையாக மொட்டுகள். அடியிலிருப்பது முதலில் விரியும், நுனியிலிருப்பது கடைசிவரை பச்சையாகவே இருக்கும். பெரியம்மா அவற்றை மாதா சுரூபத்தின் இரண்டு பக்கமும் பித்தளைச் செம்புகளில் விசிறி மாதிரி வைப்பாள். சனிக்கிழமை வைத்த விசிறி மறுவாரம் வாடும்வரை அதே விசிறியாக இருக்கும். யாரும் அதைப் பெரிதாகப் பாராட்டியதில்லை, குறை சொன்னதுமில்லை.

பிறகு பெரியம்மாவுக்கு மூட்டுவலி வந்து பங்களா வேலையிலிருந்து நின்றுகொண்டாள். அந்த வேலைக்கு அம்மா போனாள். பூக்கட்டு இப்போது அம்மாவின் கையில் வந்தது. ஒரு வாரம் பெரியம்மா காய்ச்சலில் கிடக்க, பூ வைக்கவும் அம்மாவே போனாள். அங்கேதான் வினை ஆரம்பமானது. அம்மாவுக்கு எதையும் இருந்தபடி விட்டுவைக்கத் தெரியாது. இரண்டு செம்புகளிலும் தண்டுகளை நன்றாகச் சாய்த்து, நுனிகளெல்லாம் மாதாவின் பாதத்தை நோக்கித் தாழ்ந்திருக்கும்படி வைத்தாள். அன்று சாயங்காலம் ஜெபமாலைக்கு வந்த பெண்கள் பார்த்து அசந்துபோனார்கள். "பூவே மாதாவைக் கும்பிடுதே!" என்று ஒருத்தி சொல்ல, மாதா சபைப் பெண்கள் இனிமேல் பூ வேலை அம்மாவுக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். காய்ச்சல் தெளிந்து வந்த பெரியம்மாவிடம் சொன்னபோது "செய்யட்டும்" என்றாளாம். அந்த ஒரு வார்த்தையை அம்மா பலநாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சந்தோஷமாகச் சொன்னதா, வயிற்றெரிச்சலில் சொன்னதா என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அம்மா பூ வைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது கும்பிட்ட பூக்களெல்லாம் நிமிர்ந்திருந்தன.

தண்டு சாய்ந்தபடியே இருந்தது. நுனி மட்டும் வளைந்து, தலையைத் தூக்கி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே. திட்டு வாங்கிய பிள்ளை வேண்டுமென்றே மோட்டுவளையைப் பார்க்குமே, அப்படி ஒரு தோரணை. பூசைக்கு டவுனிலிருந்து வரும் பாதிரியாரை அச்சன் என்போம்; மலையாளி, நல்ல மனுஷர். அவர் பூவைப் பார்த்ததாகவே தெரியவில்லை. ஆனால் முந்தின நாள் பார்க்காத பெண்கள் "எங்க கும்பிடுது? மொறைச்சிக்கிட்டுல்லா நிக்கு" என்று முந்தானைக்குள் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. எலி தட்டிவிட்டிருக்கும் என்று அப்பா சொன்னார். எலி எல்லாத் தலையையும் ஒரே பக்கமாகத் தூக்கிவிடுமா என்று அம்மா கேட்டாள்.

அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. அம்மா சந்தேகப்பட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் சந்தேகம் என்பது அடுப்பு மாதிரி, ஒருதரம் பற்றிவிட்டால் எது கிடைத்தாலும் அதில் போட்டு எரிப்பார்கள். செம்பை யாரோ திருப்புகிறார்கள் என்று நினைத்து, அடுத்த சனிக்கிழமை செம்பின் அடியைச் சுற்றி என் பள்ளிக்கூடச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டு அண்ணனைக் கூட்டிப்போய் அவனுடைய செல்போனில் படமும் எடுக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் செம்பு கோட்டைவிட்டு இம்மியும் நகரவில்லை. பூவின் தலை மட்டும் படத்தில் ஒரு விதமாகவும் நேரில் ஒரு விதமாகவும் இருந்தது. செம்பு நகரவில்லை என்றால் ஆள் வரவில்லை என்றுதானே தோன்ற வேண்டும்? அம்மாவுக்கு வேறு மாதிரி தோன்றியது.

"செம்ப அசைக்காம பூவ மட்டும் திருகிருக்காங்கன்னா, பூவத் தொட்டுப் பழகுன கைதான். நம்மள மாதிரி கைக்கு இது வராது" என்றாள்.

ஊரில் பூவைத் தொட்டுப் பழகிய இன்னொரு கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கோயில் கதவு உடைக்கப்படவில்லை, ஜன்னல்களில் கம்பிவலை. சாவி யார் வீட்டு ஆணியில் தொங்கியது என்றும் யாரும் கேட்கவில்லை. பெரியம்மா வைத்தவரையில் பூ வைத்தபடி இருந்ததும், அம்மா வைக்க ஆரம்பித்ததும் மாறுவதும் ஊரே பார்த்த விஷயம். அம்மாவின் கணக்கு அவளவில் சரியாகத்தான் இருந்தது.

அந்த மே மாதத்தில் எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குவதற்காக மந்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானமே பூ வைத்துவிட்டு, அம்மா என்னைக் கோயிலில் உட்கார்த்தினாள். மந்திரம் படிக்கிற மாதிரி படி, கண்ணு பூ மேல இருக்கட்டும் என்று காதில் சொன்னாள். உளவு வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்துக் கட்டளைகளை உதட்டால் சொல்லிக்கொண்டே பூவை முறைத்துக்கொண்டிருந்தேன். பூ அசையவே இல்லை. வெளியே மழை வந்தது, நின்றது. ஓர் ஆடு வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பெரியப்பா வந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார். என்னைப் பார்த்து, "யாரு, சின்னச் சிஸ்டரா? நல்லாப் படிட்டி" என்று சொல்லி ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒரு நாரங்கா மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பூவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் மறுபடியும் முறைத்தேன். பூ மறுபடியும் அசையவில்லை. ஜெபமாலைக்கு மணி அடித்தபோது பார்த்தால், எல்லா நுனிகளும் பாதி எழும்பியிருந்தன.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணெதிரே நடந்திருக்கிறது, ஆனால் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம், யாரும் தொடவில்லை, பூ தானாக எழும்பியது என்று சொன்னேன். அம்மா என் முகத்தை நிமிர்த்தி உற்றுப் பார்த்தாள்.

"தூங்கிட்டியா?"

"இல்லம்மா."

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"பெரியப்பா எண்ணெய் ஊத்த வந்தாங்க. பூவத் தொடல."

"வாயில என்ன வாசம்?"

மிட்டாயைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவுதான், என் சாட்சி செல்லாததாகிவிட்டது. ஒரு மிட்டாய்க்குப் பெற்ற தாயை விற்றுவிட்டாள் என்று அம்மா அப்பாவிடம் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் உண்மை சொல்லி அடிபட்டேன். அடி வலிக்கவில்லை. அம்மா அதன் பிறகு என் முன்னால் பூவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாளே, அதுதான் வலித்தது. ஏதாவது சொல்ல வந்து, நான் இருப்பதைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவாள். எதிரி வீட்டு ஆள் ஆகிவிட்டேன்.

இதற்குள் விஷயம் எங்கள் வீட்டைவிட்டு வெளியே போய்விட்டது. குழாயடியில் இரண்டு கட்சி. பெரியம்மா பொறாமைக்காரி என்று ஒரு கட்சி, அம்மா சிண்டுமுடிகிறாள் என்று ஒரு கட்சி. அப்பாவும் பெரியப்பாவும் தினமும் சேர்ந்துதான் வேலைக்கு நடப்பார்கள். இப்போது ஒருவர் கிளம்பிய சத்தம் கேட்டு அடங்கிய பிறகுதான் மற்றவர் கிளம்பினார். கோயில் கமிட்டியின் செக்ரட்டரிக்கு ஏற்கெனவே அந்தச் சாவியின்மேல் ஒரு கண். பலிபீடத்தில் கைவைக்கிற வீட்டில் சாவி இருக்கலாமா என்று அவர் கிளப்பிவிட்டார். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அச்சன் முன்னிலையில் பேசி முடிவெடுப்பது என்றார்கள். என்ன முடிவு என்று எல்லாருக்கும் முன்னமே தெரிந்திருந்தது. பெரியப்பா யாரிடமும் வாதாடவில்லை. வியாழக்கிழமை வாசலில் உட்கார்ந்து அந்தச் சாவியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கொடுக்கத்தான் துடைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் எதிரி வீட்டுக்காக அழுவதை அம்மா பார்த்துவிடக்கூடாது என்று கக்கூஸுக்குள் போய் அழுதேன்.

பெரியம்மா இத்தனைக்கும் வாய் திறக்கவில்லை. நான் செய்யவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா எதிரே வந்தால் நின்று, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். குற்றவாளியின் பார்வை அப்படி இருக்காதே என்று எனக்கே பட்டது. அவள்தான் அம்மாவைச் சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அம்மா ஒரு காரியம் செய்தாள். பூவைக் கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை. ராத்திரி கோயிலில் இருந்தால்தானே ஆள் கைவைக்க முடியும்? நம் வீட்டிலேயே இருக்கட்டும், விடிந்ததும் கொண்டுபோய்ப் பூசைக்கு முன்னால் வைத்தால், பூ குனிந்தபடி இருப்பதை அச்சன் கண்ணால் பார்ப்பார், அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றாள். எங்கள் அடுக்களையில் ஒரு வாளித் தண்ணீரில் தண்டுகளைச் சாய்த்து வைத்தாள். கதவைப் பூட்டி, சாவியைக் கழுத்து ஜெபமாலையோடு கோத்துக்கொண்டு படுத்தாள்.

விடிந்து அடுக்களைக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் எழுந்துபோய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வாளியில் எல்லாப் பூவும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. அப்பா பல் விளக்கிக்கொண்டே வந்தார். அம்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"உள்ளதச் சொல்லுங்க. ராத்திரி எந்திரிச்சீங்களா?"

"ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன்."

"போற வழியில அண்ணன் மேல பாசம் பொங்கிருச்சோ?"

அப்பா பேஸ்ட் நுரையைத் துப்பிவிட்டு, "அடுக்களச் சாவி ஒன் கழுத்துலதான கெடக்கு?" என்றார். அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை என்மேல் வந்தது. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மூடிக்கொண்டேன்.

அம்மா அடுக்களைக்குள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு பூ குறைந்தது. தேடினால், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. முந்தின நாள் வைக்கும்போதே நழுவி விழுந்திருக்க வேண்டும். அந்தச் சந்துக்குள் பூனைகூட நுழையாது. அப்பாவும் அவளும் சேர்ந்து டிரம்மை நகர்த்தித்தான் அதை எடுக்க முடிந்தது. தரையோடு தரையாகக் கிடந்த அந்தத் தண்டின் நுனி, கொக்கி மாதிரி வளைந்து மேலே நிமிர்ந்திருந்தது.

அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதை நீட்டிப் பார்த்தாள், அது நீளவில்லை. இருட்டில், யார் கையும் எட்டாத இடத்தில் கிடந்துகொண்டு, ராத்திரி முழுக்க அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது. வேரில் இருந்து வெட்டினாலும், மேல் எது கீழ் எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் இப்போது நான் சொல்வது. அம்மா அன்று சொன்னது, "அய்யோ, அக்கா" என்பது மட்டும்தான். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு ஒரே குதூகலம். என் சாட்சி சரியாகிவிட்டதல்லவா? வளைந்த பூவைக் கொண்டுபோய் எல்லாரிடமும் காட்டிவிடலாம் என்றேன். அப்பா தலையை ஆட்டினார்.

"யாரு நம்புவா? அண்ணந்தம்பி உள்ளுக்குள்ள பேசி முடிச்சிட்டானுங்க, இப்பப் பூ மேல பழியப் போடுதானுங்கம்பான் அந்த செக்ரட்டரி" என்றவர், அம்மாவைப் பார்த்து, "பெத்த பிள்ள கண்ணால பாத்துட்டு வந்து சொல்லிச்சி. நீ நம்பினியா?" என்று கேட்டார்.

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வயதில் மடியில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை. கோயிலில் முதல் மணி அடித்தது. எப்போதும் ஒரே தாளத்தில் அடிக்கும் பெரியப்பாவின் மணி அன்று இடையில் ஒருமுறை தடுமாறியது.

பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் பெஞ்சு போட்டார்கள். அச்சன், கமிட்டிக்காரர்கள், சுற்றிலும் சனம். பெரியப்பா சலவை வேட்டியோடு வந்து, துடைத்த சாவியை அச்சன் முன்னால் மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செக்ரட்டரி தொண்டையைக் கனைத்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் அம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"அச்சா, நான் ஒண்ணு சொல்லணும். பூவ மாத்தி வச்சது நாந்தான்."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கடைசியாக நின்று நானேதான் திருப்பி வைத்தேன், அக்கா பேரைக் கெடுக்கத்தான் செய்தேன், மச்சான் ஒரு பாவமும் அறியாதவர், சாவி அவரிடமே இருக்கட்டும் என்றாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

அத்தனை பேரும் அதை உடனே நம்பினார்கள். படமும் சாக்பீஸ் கோடும் வைத்து வாரக்கணக்கில் அவள் சொன்னதைப் பாதிப் பேர்கூட நம்பவில்லை. இதை நம்ப அவர்களுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. நான் அப்பவே நினைச்சேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் கட்சியில் நின்று குழாயடியில் சண்டை போட்டவர்களும் அப்பவே நினைத்தவர்களாகிவிட்டார்கள். அச்சன் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாரமில்ல, சாரமில்ல. பரவால்ல, நீங்க எடுத்துக்கோங்க" என்று சாவியைப் பெரியப்பா பக்கம் தள்ளினார். பெரியப்பா அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மாவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கதிகலங்கிப் போயிருந்தேன். பொய் சொல்லக்கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று என்று நான் அந்த மாதம்தான் நெட்டுருப் போட்டிருந்தேன். மாதாவுக்குரிய மே மாதத்தில், மாதா கோயில் முற்றத்தில், அச்சனின் முகத்துக்கு நேராக அம்மா பொய் சொல்லிவிட்டாள். உண்மை எங்கள் அடுக்களையில் வாளி நிறைய நிற்கும்போது எதற்காக இந்தப் பொய்? அவள் நரகத்துக்குப் போனால் எனக்கு யார் தலை சீவி விடுவார்கள் என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டேன். கூட்டத்தில் வாயைப் பிளக்காமல் நின்றது பெரியம்மா ஒருத்திதான். கண்ணைச் சுருக்கி அம்மாவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் அடுத்து எதற்கு அடிபோடுகிறாள் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

மாதா சபையிலிருந்து அம்மாவை நீக்கினார்கள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. பூ வேலை திரும்பப் பெரியம்மாவிடமே போனது. அடுத்த சனிக்கிழமை அம்மா பங்களாவில் வெட்டிய பூவைக் கட்டி என்னிடம் கொடுத்து, கோயிலில் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கொடுத்தேன். ஆனால் உளவுப் புத்தி லேசில் போகுமா? வாசலுக்கு வந்த மாதிரி வந்து, தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன்.

பெரியம்மா ஒவ்வொரு தண்டாக எடுத்தாள். நுனியிலிருந்த பச்சை மொட்டுகளைக் கட்டைவிரல் நகத்தால் நறுக்கென்று கிள்ளிக் கீழே போட்டாள். அதன் பிறகு செம்பில் வைத்தாள். அடுத்த தண்டு, அடுத்த கிள்ளு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "பெரியம்மா!" என்று கத்தினேன்.

அவள் திடுக்கிடவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பூவையும் கிள்ளி முடித்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. பூவு தானாத்தான் தலையத் தூக்கும்னு ஒங்கம்மாவுக்குத் தெரியாதா?"

"போன ஞாயித்துக்கெழமதான் தெரியும்" என்று, வாளிப் பூவையும் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்த பூவையும் பற்றிச் சொன்னேன். அம்மா தரையில் உட்கார்ந்ததையும் "அய்யோ, அக்கா" என்றதையும்கூடச் சொன்னேன். பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் பலிபீடத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நுனி மொட்டைக் கிள்ளிவிட்டால் பூ தலை தூக்காது, வைத்தபடி நிற்கும். பூந்தோட்டத்தில் வேலை செய்கிற அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்குமா என்று பெரியம்மா நினைத்திருக்கிறாள். தெரிந்தும் நுனியைக் கிள்ளாமல் வைக்கிறாள், தெரிந்தும் ஊரைக் கூட்டுகிறாள், சாவியைப் பிடுங்கத்தான் இத்தனையும் என்று வாரக்கணக்கில் உள்ளுக்குள் வெந்திருக்கிறாள். தெரிந்தே பழிபோடுகிறவளிடம் போய் விளக்கம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. செய்தது பெரியம்மாதான் என்று அம்மா நினைத்தாள், எல்லாம் தெரிந்தவள் அம்மா என்று பெரியம்மா நினைத்தாள். ஒருத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் சந்தேகப்படுகிற ஆளிடம் யார் போய்க் கேள்வி கேட்பார்கள்? இதெல்லாம் பல வருஷம் கழித்து அவர்கள் இருவரும் சேர்ந்து சொல்லிச் சிரித்தபோது நான் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தரையில் கிடந்த மொட்டுகள்தான்.

பெரியம்மா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "போயி ஒங்கம்மாட்டச் சொல்லு. பெரியம்மா நுனியக் கிள்ளித்தான் வைக்காங்கன்னு சொல்லு" என்றாள். என்ன திமிர் இருந்தால் பிடிபட்ட பிறகும் போய்ச் சொல் என்பாள்! நான் ஒரே ஓட்டமாக ஓடினேன்.

அம்மா முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். மூச்சிரைக்கச் சொன்னேன். பெரியம்மா பூவின் தலையையெல்லாம் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறாள், கேட்டால் போய்ச் சொல்லு என்கிறாள். அம்மா பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவள் கண்தான் நிறைந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தலைமயிரைக்கூட அள்ளி முடியாமல் கோயிலைப் பார்த்து நடந்தாள். பெரிய சண்டை ஒன்று இருக்கிறது என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

சண்டை நடக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மாதாவின் வலது பக்கச் செம்பின் முன்னால் பெரியம்மாவும் இடது பக்கச் செம்பின் முன்னால் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒரு நுனியைக் கிள்ளிக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அம்மா பார்த்துவிட்டு அதே மாதிரி கிள்ளினாள். இருவர் காலடியிலும் மொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. இப்போது அம்மாவும் அந்தக் குற்றத்தில் சேர்ந்துவிட்டாள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று நான் குனிந்து கொஞ்சம் மொட்டுகளைப் பொறுக்கிப் பாவாடையில் முடிந்துகொண்டேன். அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.